எப்ப இவ்வளவு வளர்ந்த?

(எபிசோட் ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இப்ப ராத்திரி பத்தே முக்கால். திண்டுக்கல்ல எங்க வீட்டுச் சமையல்கட்டுல உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கேன். பொண்ணு தூங்கிட்டா. வீட்டுக்காரருக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில வேலை, இந்த வாரம் நைட் ஷிஃப்ட். நடுவுல ஃப்ரிட்ஜ் உறுமுற சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க. அதை ஆஃப் பண்ணினா நாளைக்கு மாவு புளிச்சுப் போயிடும்.

இன்னைக்குப் பேசப் போறது ஒரு கேள்வியைப் பத்தி. விசேஷ வீட்டுக்குப் போனா பெரியவங்க கேட்பாங்கல்ல, "அட, எப்ப இவ்வளவு வளர்ந்த?"ன்னு. சின்ன வயசுல எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். தினமும்தானே வளர்றேன், இதென்ன கேள்வின்னு தோணும். போன மாசம் அதே கேள்வியை நான் கேட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற சொந்தக்காரப் பிள்ளைகிட்ட இல்லை. ஒரே வீட்ல, ஒரே ரூம்ல தூங்குற என் பொண்ணுகிட்ட.

முதல்ல என் நாள் எப்படி ஓடுதுன்னு சொல்லிடறேன். எனக்கு மதுரையில ஒரு தனியார் ஆபீஸ்ல வேலை, கணக்குப் பிரிவு. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவுல சுமார் 60 கிலோமீட்டர். காலையில ஏழேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினா, ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்ப வாசப்படி மிதிப்பேன். சீசன் டிக்கெட் வாழ்க்கை. அம்பாத்துரை, கொடைக்கானல் ரோடு, வாடிப்பட்டி, சோழவந்தான், சமயநல்லூர், கூடல் நகர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரிசையா சொல்லுவேன். ரயிலை விட்டுட்டா பஸ். ஆரப்பாளையத்துல இறங்கி அங்கிருந்து ஒரு ஓட்டம்.

ஆறு வருஷமா இப்படித்தான். ஒரு நாள் ரயில்ல உட்கார்ந்து சும்மா ஒரு கணக்குப் போட்டேன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வருஷத்துக்கு 280 வேலை நாள்னு வச்சுக்கலாம். ஆறு வருஷத்துக்கு 5,040 மணி நேரம். இருபத்து நாலால வகுத்தா 210 நாள். அதாவது ராத்திரி பகல் சேர்த்து ஏழு மாசம் நான் ரயில்லயும் பஸ்லயும் இருந்திருக்கேன். ஃபோனை மூடி வச்சுட்டு சிறுமலையையே பார்த்துக்கிட்டு வந்தேன் அன்னைக்கு.

என் பொண்ணுக்குப் பதினொரு வயசு. ஆறாம் வகுப்பு. ஸ்கூல் விட்டதும் நேரா தாத்தா வீட்டுக்குப் போயிடுவா. தாத்தான்னா என் அப்பா. நாகல் நகர்ல வீடு. அப்பா பூட்டுத் தொழிலாளி. வீட்டுத் திண்ணையை ஒட்டி ஒரு சின்னப் பட்டறை, ஒரு வைஸ், அரம் பத்துப் பன்னெண்டு, ஒரு முக்காலி, அவ்வளவுதான்.

வெளியூர்ல இருந்து கேட்கிறவங்களுக்குத் திண்டுக்கல்னா பிரியாணிதான் ஞாபகம் வரும், தெரியும். ஆனா பிரியாணிக்கு முன்னாடியே எங்க ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பூட்டு. மாங்காய் வடிவத்துல இருக்கிற மாங்காய் பூட்டு, சாவியைத் திருப்பினா மணி அடிக்கிற மணிப்பூட்டு, அலமாரிப் பூட்டுன்னு பல வகை. ஒவ்வொண்ணும் கையால தகடு வெட்டி, உள்ளே இருக்கிற லீவரை அரம் போட்டு ராவி, சாவிக்குப் பொருத்திப் பொருத்திச் செய்றது. 2019-ல இதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. ஆனா அதுக்குள்ள அலிகார்ல இருந்து வர்ற மெஷின் பூட்டு சந்தையைப் பிடிச்சாச்சு, பட்டறைங்க குறைஞ்சாச்சு. அப்பாவும் இப்பப் புதுசா செய்றது கம்மி. ரிப்பேர்தான் அதிகம்.

சரி, போன மாசம் நடந்ததுக்கு வர்றேன். ராத்திரி எட்டு மணி. வழியில அப்பா வீட்ல பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தோம். எங்க வாசல் கதவுல அப்பா எங்க கல்யாணத்துக்குச் செஞ்சு கொடுத்த மாங்காய் பூட்டு தொங்குது. அன்னைக்குச் சாவி திரும்பவே இல்லை. நான் ஆட்டுறேன், குத்துறேன், திட்டுறேன். தோள்ல பை, கையில காய்கறி, வேர்த்து ஊத்துது.

"அம்மா, தள்ளு"ன்னா.

சாவியை முழுசா உள்ளே விடாம, ஒரு நெல்லளவு வெளியில இழுத்து, காதைப் பூட்டுகிட்ட வச்சு, மெதுவா ஒரு திருப்பு. திறந்துடுச்சு. திறந்துட்டு, ரொம்பச் சாதாரணமா சொல்றா: "ரெண்டாவது லீவர் தேஞ்சிருக்கும்மா. வேற லீவர் போட்டு ராவணும். ஞாயித்துக்கிழமை கழட்டித் தா, நானே போட்டுடுவேன்."

நான் அப்படியே நின்னேன். "இதெல்லாம் எப்படி உனக்கு?"

"தாத்தா பட்டறையில."

"எப்ப இருந்து?"

"நாலாம் வகுப்புல இருந்து."

ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா என் பொண்ணு அரம் பிடிக்கக் கத்துக்கிட்டிருக்கா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், "சாயந்திரம் தாத்தா வீட்ல இருப்பா" அப்படிங்கிற ஒரே ஒரு வரி. அவ கையைப் பார்த்தேன். சுட்டுவிரல் ஓரத்துல சின்னதா ஒரு காய்ப்பு. தினமும் ராத்திரி அந்தக் கையாலதானே என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுறா? நான் பார்த்ததே இல்லை.

"ஏண்டி என்கிட்ட சொல்லவே இல்லை?"ன்னு கேட்டேன்.

"நீ கேட்கவே இல்லையேம்மா. வீட்டுப்பாடம் முடிச்சாச்சான்னுதான் கேட்ப."

அப்பதான் என் வாயில அந்தக் கேள்வி வந்துச்சு. எப்ப இவ்வளவு வளர்ந்த?

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. நேரம் ஏன் இப்படிப் பறக்குதுன்னு கொஞ்சம் படிச்சேன். உங்களுக்கும் சொல்றேன், சுவாரசியமா இருக்கும்.

பழைய விளக்கம் ஒண்ணு இருக்கு. பால் ஜானேன்னு ஒரு பிரெஞ்சு தத்துவவாதி 1877-ல சொன்னது. வில்லியம் ஜேம்ஸ் 1890-ல எழுதின உளவியல் புத்தகத்துலயும் அது வருது. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஒரு வருஷம்னா அது வாழ்ந்த வாழ்க்கையில அஞ்சுல ஒரு பங்கு. நாற்பது வயசுக்காரருக்கு அதே வருஷம் நாற்பதுல ஒரு பங்கு. அதனால வயசாக ஆக வருஷம் சின்னதாத் தெரியுதாம். கணக்கு அழகா இருக்கு. ஆனா என் பொண்ணோட ரெண்டு வருஷம் எங்கே போச்சுங்கிறதுக்கு அது பதில் இல்லை.

இன்னொரு விளக்கம் கொஞ்சம் கிட்ட வருது. கிளாடியா ஹேமண்ட்னு பிபிசி வானொலியில பேசுறவங்க, 2012-ல 'டைம் வார்ப்ட்'னு ஒரு புத்தகம் எழுதினாங்க. அதுல விடுமுறையை உதாரணமா சொல்றாங்க. டூர் போனா நாள் சட்டுன்னு ஓடிடும். ஆனா ஊர் திரும்பி நினைச்சுப் பார்த்தா ரொம்ப நாள் போய் வந்த மாதிரி இருக்கும். ஏன்னா நாம திரும்பிப் பார்க்கிறப்போ நேரத்தை ஞாபகங்களை வச்சுத்தான் அளக்கிறோம். புதுசு புதுசா பார்த்திருந்தா ஞாபகம் நிறைய, காலம் நீளம். தினமும் ஒரே மாதிரி இருந்தா ஞாபகம் கம்மி, காலம் சுருங்கிடும்.

என் ஆறு வருஷத்தை எடுத்துக்கங்க. 5,040 மணி நேரம், ஒரே ஜன்னல், ஒரே ஸ்டேஷன். என் மனசுக்கு அது மொத்தமா ஒரே ஒரு நாள்தான். அவளுக்கு அப்படி இல்லை. முதல் தடவை அரம் பிடிச்சது, முதல் தடவை கை கிழிச்சது, முதல் தடவை தான் ராவின சாவி திரும்பினதுன்னு அவளுக்கு அந்தக் காலம் நீளமா, நிறைவா இருந்திருக்கு. ஒரே வீட்ல ரெண்டு விதமான காலம் ஓடியிருக்கு.

இந்த இடத்துல எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. பிள்ளைங்க வேகமா வளரலை. அவங்க அவங்க வேகத்துலதான் வளர்றாங்க. நாமதான் தவணை முறையில பார்க்கிறோம். காலையில அரை மணி நேரம், ராத்திரி ஒன்றரை மணி நேரம். நடுவுல நடக்கிறது தெரியாது. அதனால எப்பவாவது நிமிர்ந்து பார்த்தா, குதிச்சு வளர்ந்த மாதிரி இருக்கு.

உடனே எனக்கு வந்த அடுத்த நினைப்பு என்னன்னா, அந்தக் காலத்துலயெல்லாம் இப்படி இல்லையே. அப்பா நாள் முழுக்க வீட்லயே இருந்தாரு. சின்னாளபட்டியில தறி வச்சிருந்த என் தோழிகள் வீட்லயும் அப்படித்தான், தறி ஓடுற சத்தத்துலயே பிள்ளைங்க வளர்ந்துச்சு. அம்மா அப்பா கண்ணு முன்னாடியே எல்லாரும் வளர்ந்தோம். இப்பதான் வேலை மதுரைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போயிடுச்சுன்னு ஒரு புலம்பல்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஜூலியா டாட்டி சானி, ஜூடித் ட்ரீஸ்னு ரெண்டு சமூகவியலாளர்கள் 11 மேற்கத்திய நாடுகளோட நேரக் கணக்கை ஆராய்ஞ்சு 2016-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, படிச்சுக் காட்டுறது, கூட விளையாடுறது மாதிரி பிள்ளைக்காகச் செலவழிக்கிற நேரம் அது. 1965-ல அம்மாக்கள் ஒரு நாளைக்கு 54 நிமிஷம். 2012-ல 104 நிமிஷம். அப்பாக்கள் 16-ல இருந்து 59 நிமிஷம். குறையலை, கூடியிருக்கு! வேலைக்குப் போற அம்மாக்கள் அதிகமான காலத்துலதான் இது நடந்திருக்கு.

நம்ம ஊர்க் கணக்கு வேற. 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வுல, வீட்டு வேலை செய்ற பெண்கள் அதுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க. வீட்டு வேலை செய்ற ஆண்கள் 97 நிமிஷம். ராத்திரி எட்டு மணிக்கு வந்து நான் பிள்ளை முகத்தைப் பார்க்காததுக்கு ரயில் மட்டும் காரணம் இல்லை, நான் நேரா அடுப்புகிட்டதான் போறேன். இதை வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லியாச்சு. டே ஷிஃப்ட் வாரத்துல ராத்திரிச் சமையல் அவருதுன்னு முடிவாகியிருக்கு. தோசை இன்னும் ஆஸ்திரேலியா மேப் மாதிரிதான் வருது, பரவாயில்லை.

சரி, அந்தக் காலத்துக் கணக்கை அப்பாகிட்டயே கேட்டுடலாம்னு அந்த ஞாயித்துக்கிழமை பட்டறைக்குப் போனேன். நான் அந்த முக்காலியில உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

"அப்பா, நீங்க நாள் முழுக்க வீட்லதானே இருந்தீங்க. நான் வளர்றது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அரத்தை நிறுத்தாமலே சொன்னாரு. "தெரியலையேம்மா. ஆர்டர் பூட்டு வரிசையா கிடக்கும். நிமிர்ந்து பார்த்தேன், நீ காலேஜுக்குப் போய்க்கிட்டு இருந்த."

எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. பக்கத்துலயே இருந்தவருக்கும் அதே கதைதானா?

அப்புறம் கேட்டேன், இதை ரொம்ப நாளா கேட்கணும்னு இருந்தது. "எனக்கு ஏன் இந்த வேலையைச் சொல்லித் தரலை? அவளுக்குச் சொல்லித் தர்றீங்க?"

கொஞ்ச நேரம் பேசலை. "பொம்பளைப் பிள்ளை, இரும்புத் தூள்ல கிடக்க வேணாம்னு நினைச்சேன். படிச்சாப் போதும்னு நினைச்சேன். நீயும் கேட்கலை. இவ கேட்டா." அப்புறம், "அப்ப எனக்கு நேரம் இல்லை. இப்ப இருக்கு"ன்னாரு.

கிளம்பலாம்னு எந்திரிச்சேன். அப்ப அவராவே சொன்னாரு. "ஒண்ணு மட்டும் தெரியும்மா. சாயந்திரம் நாலரைக்குத் தெரு முனையில உன் செருப்புச் சத்தம் வரும். அப்ப ஒரு நிமிஷம் அரத்தைக் கீழ வச்சிருவேன். என்ன மூஞ்சியோட வர்றேன்னு பார்த்துட்டுத்தான் திரும்ப எடுப்பேன்."

எனக்கு அது தெரியவே தெரியாது. என் ஞாபகத்துல அப்பான்னா குனிஞ்ச தலை, அவ்வளவுதான். தினமும் ஒரு நிமிஷம் நிமிர்ந்திருக்காரு. நான்தான் கவனிக்கலை.

இதுல இருந்து நான் பெருசா பாடம் எல்லாம் சொல்லப் போறதில்லை. வேலையை விட முடியாது, வீட்டுக் கடன் இருக்கு. "பிள்ளைங்களோட தரமான நேரம் செலவழியுங்கள்"னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வருது. ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கே போய்த் தரத்தைத் தேடுறது? அதனால நான் செஞ்ச ரெண்டு விஷயத்தை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, கேள்வியை மாத்தினேன். வந்ததும் "வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?"ன்னு கேட்கிறதில்லை. பையை வச்சுட்டு ஒரு நிமிஷம் அவ மூஞ்சியைப் பார்க்கிறேன். அப்பா டெக்னிக். அப்புறம் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்றேன், அவளும் உட்கார்றா. கேள்வியே கேட்க வேண்டியதில்லை, தானா பேச்சு வருது. கை வேலையா இருக்கிறப்போ, எதிர் எதிரா உட்காராம பக்கத்துல உட்கார்ந்தா, பிள்ளைங்க நிறையப் பேசுறாங்க.

ரெண்டாவது, காலாண்டு லீவுல ஒரு நாள் அவளை என் கூடவே ரயில்ல கூட்டிக்கிட்டுப் போனேன். அவ காலம் எனக்குத் தெரியாத மாதிரி, என் காலம் அவளுக்கும் தெரியாதுல்ல?

கொடைக்கானல் ரோட்டுல நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகையோட ஒரு அக்கா ஏறுவாங்க. தினமும் பார்க்கிறவங்கதான். ஏறினதும் இவளைப் பார்த்து, "நீதானா அந்த வகுத்தல் கணக்கு வராத பாப்பா?"ன்னாங்க. எதிர் சீட்டுல மெடிக்கல் ஷாப் வேலைக்குப் போறவரு, "காய்ச்சல் வந்து அரைப் பரீட்சை எழுதலையே, அந்தப் பிள்ளையா?"ன்னாரு. இன்னொருத்தங்க, "டான்ஸ்ல மயில் வேஷம் போட்டியாமே, போட்டோ பார்த்தேன்." பெட்டி முழுக்க அவளைத் தெரியுது.

அவ என் பக்கம் திரும்பி, மெதுவா கேட்டா. "என்னைப் பத்தி ரயில்ல பேசுவியாம்மா?"

"தினமும்."

ஒண்ணும் சொல்லலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. சோழவந்தான் வந்தப்போ தோள்ல சாஞ்சிருந்தா. அந்த 210 நாள்ல அவ இல்லைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இருந்திருக்கா. அவகிட்ட யாரும் சொல்லலை, அவ்வளவுதான்.

இதைக் கேட்கிற நிறையப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது, எனக்குத் தெரியும். சென்னையிலயோ பெங்களூர்லயோ ஒரு ரூம்ல இருப்பீங்க. அப்ப இதை மறுபக்கத்துல இருந்து கேளுங்க. நீங்களும் உங்க அம்மா அப்பாவுக்குத் தவணையிலதான் தெரியுறீங்க. பொங்கலுக்கு ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணு. நீங்க ஊருக்குப் போனா பதினேழு வயசுல உங்களுக்குப் பிடிச்ச குழம்பையே இன்னும் வச்சுத் தர்றாங்கல்ல? அது அவங்ககிட்ட இருக்கிற கடைசித் தவணை. "சாப்டியா?"ன்னு கேட்டா "ம்"னு சொல்லி வைக்காதீங்க. இந்த ரெண்டு வருஷத்துல நீங்க என்ன கத்துக்கிட்டீங்கன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவங்க கேட்க மாட்டாங்க. கேட்கத் தெரியாது. நானே கேட்கலையே.

அப்படியே அவங்ககிட்டயும் ஒண்ணு கேளுங்க. நான் ஸ்கூல் விட்டு வர்றப்போ நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருப்பீங்கன்னு. பதில் என்ன வந்துச்சுன்னு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. உங்களுக்குச் சம்மதம்னா அடுத்த எபிசோட்ல சிலதைப் போடலாம்.

அந்தப் பூட்டு என்னாச்சுன்னு கேட்பீங்க. ஞாயித்துக்கிழமை கழட்டியாச்சு. பொண்ணு வைஸ்ல மாட்டிக் கொடுத்தா, அப்பா முக்காலியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தாரு, நான் ராவினேன். முப்பத்தெட்டு வயசுல முதல் தடவை. ரெண்டு லீவரைக் கெடுத்துட்டேன். "அழுத்தாதம்மா, அரம் தானா இழுக்கும்"னு அவதான் சொல்லிக் கொடுத்தா. மூணாவது லீவர் ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கு. இன்னும் ரெண்டு தடவை திருப்பினாத்தான் திறக்குது.

சரி மக்களே, மணி பதினொண்ணேகால் ஆச்சு. காலையில ரயில் இருக்கு. அடுத்த வாரம் பார்ப்போம்.